சந்தனப் பொட்டு வைத்த எழுத்தாளர்

எங்கள் தாத்தா ஒரு தபால் அட்டை அளவுதான் இருப்பார். சாமி அறையில் முருகனுக்குக் கீழே, கருப்பு மரச் சட்டத்துக்குள், தலையைக் குனிந்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருப்பார். மையில் வரைந்த படம். மொத்தமே பத்துப் பதினைந்து கோடுதான் தேறும். நெற்றிக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கோடு, மீசைக்கு நாலு கிறுக்கல், தோளில் துண்டு மாதிரி ஒரு வளைவு. கண்கூடக் கிடையாது, இமை மட்டும்தான். ஆனாலும் பார்த்தால் ஓர் ஆள் அங்கே உட்கார்ந்திருப்பது நன்றாகவே தெரியும்.

அவர் அந்தச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்த கதையைப் பெரியப்பா வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்லாமல் விடமாட்டார். தாத்தா செத்தபோது பெரியப்பாவுக்குப் பத்து வயது, அப்பாவுக்கு இரண்டு, அத்தை பாட்டியின் வயிற்றில்; பாட்டியும் அத்தையின் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். போட்டோ எடுக்கிற பழக்கம் அன்றைக்கு எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் யாருக்கும் இல்லை. பின்னால் பெரியப்பா திருச்செங்கோட்டு ரிக் லாரியில் சேர்ந்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடப் போனார். அப்படிச் சென்னையில் கடலோரமாக ஓர் ஓவியர் வீட்டில் துளை போட்டபோது, உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லோரும் உதட்டைப் பிதுக்கிய இடத்தில் இளநீர் மாதிரித் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்ததாம். ஓவியருக்குத் தலைகால் புரியவில்லை. என்ன வேண்டுமோ கேள் என்றாராம். பெரியப்பா தன் அப்பாவின் முகத்தை வாயால் சொல்லச் சொல்ல, ஓவியர் கையால் போடப் போட, தாத்தா வந்து காகிதத்தில் உட்கார்ந்துகொண்டார். "மூக்கை இன்னும் சித்த தூக்கிப் போடுங்கன்னு நானேதான் சொன்னனாக்கும்" என்று பெரியப்பா முடிக்கும்போது எனக்குப் பெருமை தாங்காது.

அந்தப் படம் வந்தது அத்தையின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால். எங்கள் பக்கம் அப்பன் இல்லாத பெண், மணமேடைக்குப் போவதற்கு முன்னால் அப்பன் படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போவாள். அத்தை அப்படித்தான் போனாள். அதற்கப்புறம் இருபத்தைந்து வருடம், தாத்தாவுக்குக் கும்பிடுகிற நாளன்று எடப்பாடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். கண்ணாடியைத் துடைத்து, சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, வேட்டி துண்டு எடுத்து வைத்து, கோழிக்குழம்பும் வெற்றிலையும் படைத்து, நெடுநேரம் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நிற்பாள். அத்தைக்கு அப்பா என்றால் அந்தப் பதினைந்து கோடுதான். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஆறாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் பழம்பொருள் கண்காட்சி வைத்தார்கள். வீட்டில் இருக்கிற பழைய சாமான் எதையாவது கொண்டுவர வேண்டும், முதல் பரிசு உண்டு. என்னோடு படிக்கிற எதிர் வீட்டுக்காரி தன் வீட்டுப் பித்தளை அண்டாவை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக் கொண்டுவரப்போவதாக நாலு நாளாகப் பீற்றிக்கொண்டு திரிந்தாள். எங்கள் வீட்டிலும் அண்டா இருந்தது. ஆனால் அண்டாவுக்கு அண்டா கொண்டுபோவதில் என்ன கெத்து இருக்கிறது? வெள்ளிக்கிழமை காலையில் அம்மா பால் கறக்க மாட்டுச் சாளைக்குப் போன நேரம் பார்த்து, தாத்தாவை ஆணியிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்தேன். அந்த இடத்தில் தினசரிக் காலண்டரைத் தொங்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அத்தை வருவதற்குள் திரும்ப மாட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்கு.

பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கண்ணாடி உடைந்தால் முதுகில் விளக்குமாறுதான். ஆனாலும் ஒரு பக்கம் உள்ளுக்குள் அப்படி ஒரு குதூகலம். பள்ளிக்கூடத்தில் மேசை மேல் தாத்தாவைச் சாய்த்து வைத்து, "எங்கள் தாத்தா. கையால் வரைந்தது" என்று எழுதி ஒட்டிவிட்டுப் பக்கத்தில் விறைப்பாக நின்றேன். அண்டாவைச் சுற்றி ஒரே கூட்டம். என் தாத்தாவை எட்டிப் பார்க்க ஒரு நாதி இல்லை.

அப்போதுதான் டிராயிங் சார் வந்தார். அவருடைய பீரியடை எப்போதும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார் என்பதால் அவர் எங்களுக்கு எதுவும் நடத்தி நாங்கள் பார்த்ததில்லை. தூக்கக் கலக்கத்திலேயே இருக்கிற மனிதர். ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் மேசையைத் தாண்டிப் போய்விட்டார். நாலு அடி போனவர் டக்கென்று நின்றார். திரும்பி வந்தார். குனிந்தார்.

"இது யாரு?"

"எங்க தாத்தாங்க சார்."

"உங்க தாத்தா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"வெவசாயமுங்க சார். குச்சிக்கிழங்கு."

சார் படத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடி மேல் இருந்த பொட்டை நகத்தால் சுரண்டினார். என்னிடமிருந்த காம்பஸை வாங்கி, கேட்கக்கூட இல்லை, சட்டத்தின் பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். எனக்கு உயிரே போய்விட்டது. "சார், எங்கம்மா கொன்னு போட்ரும் சார்" என்கிறேன், அவர் காதில் விழவே இல்லை. படத்தைச் சுற்றி, கடைக்காரர் வைத்த பூப்போட்ட அட்டை ஒன்று இருந்தது. அதைத் தூக்கியதும் கீழ் ஓரத்தில் ஒரு கையெழுத்து. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் யாரோ ஒருவருடைய பெயர். சார் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அடேயப்பா" என்றார். இன்னொரு முறையும் சொன்னார். பிறகு எழுந்து ஆசிரியர் அறைக்கு ஓடி, ஒரு பழைய புத்தகத்தோடு ஓடி வந்தார். நாற்பது வயதுக்கு மேல் ஓடுகிற ஆசிரியரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு போட்டோ. அதே குனிந்த தலை, அதே மூக்கு, அதே மீசை. என் தாத்தா சட்டை போட்டுக்கொண்டு புத்தகத்தின் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"இவரு பெரிய எழுத்தாளரு கண்ணு. வரைஞ்சவரு அதைவிடப் பெரிய ஆளு. அவரு மூஞ்சியே வரைய மாட்டாரு, தெரியுமா? கோடு, வட்டம், கட்டம், கலரு, அவ்வளவுதான். என்னன்னு நாமளாப் புரிஞ்சுக்கணும். அந்த மனுசன் எப்பவோ சின்ன வயசுல சிநேகிதனைப் போட்ட மூஞ்சி, நம்ம பள்ளிக்கூடத்துல, அண்டாவுக்குப் பக்கத்துல இருக்குது!"

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: எங்கள் வீட்டில் ஒரு புதையல் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது நான். கூட்டம் அண்டாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. தலைமையாசிரியர் வந்து பார்த்தார். ஒன்பதாவது படிக்கிற அக்காக்கள் வந்து பார்த்தார்கள். எதிர் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கால் தரையில் பாவவில்லை எனக்கு. பேப்பரில் போடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை ஓட்டமாக ஓடினேன். வாசலில் பெரியப்பா வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். "பெரீப்பா, பெரீப்பா, தாத்தா தாத்தாவே இல்லையாமா! எழுத்தாளராமா!" என்று கத்தினேன்.

பெரியப்பா காற்றடிப்பதை நிறுத்தினார். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் துள்ளிக் குதிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனார்.

"யாருகிட்டச் சொன்ன?"

"எல்லார்த்துகிட்டயும்."

"கிறுக்கு முண்டம்! உங்கத்தைகிட்ட மூச்சு உட்டீன்னா பாத்துக்க. சாமி மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். படத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போனதற்கு அடி விழும் என்று பார்த்தால், சந்தோஷப்பட வேண்டிய விஷயத்துக்குத் திட்டு விழுகிறதே என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியப்பா சட்டத்தை வாங்கித் தானே ஆணி அடித்து, காலண்டரைக் கழற்றிவிட்டு, பழைய இடத்திலேயே மாட்டினார்.

ஆனால் டிராயிங் சாரை யார் தடுப்பது? சனிக்கிழமை மத்தியானம் உச்சி வெயிலில் வீட்டுக்கே வந்துவிட்டார். ராத்திரி பூராவும் யார் யாருக்கோ போன் போட்டாராம். ஓவியரும் இல்லை, எழுத்தாளரும் இல்லை, இருவரும் காலமாகிப் பல வருடமாகிறது. ஆனால் எழுத்தாளருடைய ஒரே மகள் கோயமுத்தூரில் இருக்கிறார். அவருடைய நம்பரே கிடைத்து, அவரிடமே பேசி, அந்த அம்மாள் நாளைக்கே கிளம்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"நாளைக்கா?" என்றார் பெரியப்பா. அவர் குரலே மாறிவிட்டது. நாளைக்குத்தான் தாத்தாவுக்குக் கும்பிடுகிற நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையைக் கூட்டிவர எப்போதும் போல நான்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். சத்தியத்தை எப்படியாவது காப்பாற்றிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அத்தை இரண்டு பையோடு இறங்கினாள். ஒன்றில் புது வேட்டி, இன்னொன்றில் வெற்றிலைக் கட்டு. "எப்படி சாமி இருக்கற?" என்று கன்னத்தைத் தடவினாள். அவ்வளவுதான். ஓட்டை வாய் எத்தனை நேரம் மூடியிருக்கும்?

"அத்தே, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டன். சத்தியம் பண்ணியிருக்கறன். ஆனா இன்னைக்கு நம்ம ஊட்டுக்குக் காருல ஒருத்தங்க வாராங்க. அவிங்க நம்ம தாத்தாவோட புள்ளையாமா."

அத்தை நின்றுவிட்டாள். பிறகு கேட்கக் கேட்க எல்லாவற்றையும் கொட்டினேன். புத்தகம், போட்டோ, கையெழுத்து, அண்டா, தலைமையாசிரியர், பேப்பர். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அத்தையும் என்னைப் போலவே கிளர்ச்சியாகிவிடுவாள் என்று நினைத்தேன். அத்தை பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, மீதி வழியை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

வீட்டுக்குள் போனதும் நேரே பெரியப்பா முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்ணா, புள்ள சொல்றது நெசமா?"

பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன். பிறகு பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ அழுதியே அம்மிணி. உளுந்து கும்பிட ஒரு மொகம் இல்லையேன்னு கல்யாணப் பேச்சு எடுத்த நாள்ல இருந்து அழுதியே. அந்த ஓவியரு ஊட்டுல ஒரு ரூமு நெறையப் படமுங்கறன். எல்லாம் கோடும் வட்டமுந்தான், வெடிச்ச காடாட்டம். அதுக்குள்ளார இது ஒண்ணுல மட்டும் மொகம் இருந்துச்சு. யாருன்னு கேட்டன், சிநேகிதன்னாரு. எடுத்துக்கன்னு குடுத்துட்டாரு. நம்ம அப்பனுக்கும் மீசை இருந்துச்சு, துண்டு இருந்துச்சு. வேற எனக்கு ஒண்ணுந் தோணலை."

"எங்கப்பன் மாதிரி இருக்குதுங்களா, இல்லீங்களா? அதைச் சொல்லுங்க."

தாத்தாவின் முகத்தைப் பார்த்து நினைவு வைத்திருக்கிற ஒரே ஆள் வீட்டில் பெரியப்பாதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை சாமி அறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. கொண்டுவந்த பைகள் நடையில் கிடந்தன. அம்மா குழம்பைப் படைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அடுப்பங்கரைக்கும் சாமி அறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

கார் வந்தது. நான் முதல் ஆளாக ஓடினேன்! வெள்ளைக் கார். டிராயிங் சார் முன் சீட்டிலிருந்து குதித்து இறங்கிப் பின்கதவைத் திறந்தார். அறுபது வயதிருக்கும், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். பருத்திச் சேலை. எழுத்தாளர் மகள் என்றால் பெரிதாக ஏதாவது பேசுவார் என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது, "தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?"

அத்தைதான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். சார் அதற்குள் சாமி அறையிலிருந்து படத்தை எடுத்துவந்து, இரண்டு கையாலும் ஏந்தி அந்த அம்மாளிடம் கொடுத்தார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் அந்தச் சந்தனக் கறையைத் தொட்டார்.

"இது என்னம்மா?"

"பொட்டுங்க" என்றாள் அத்தை. "நான் வெச்சதுங்க. தெரியாமப் பண்ணிப்புட்டனுங்க. என்ர அப்பன்னு நெனச்சு இத்தனை வருசமாக் கும்புட்டுட்டனுங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "ஒண்ணு கேக்கலாமுங்களா? உங்கப்பா உங்களைத் தூக்கி வெச்சுக்குவாருங்களா?" என்றாள்.

இது என்ன கேள்வி? பேப்பர், பரிசு, ஓவியர் என்று கேட்க எவ்வளவோ இருக்கும்போது! எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாள் சிரித்தார். "ஞாபகம் இல்லம்மா. அவர் ரூம்ல எழுதிட்டிருப்பார். கதவைத் தட்டக் கூடாது. மத்த நேரம் ஊர் ஊராப் போயிடுவார். வந்தா கூடவே பத்துப் பேர் வருவாங்க. எல்லாரும் அவரைப் பத்தி எனக்குச் சொல்லுவாங்க, அவர்தான் எங்கிட்டப் பேசினதில்ல." படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "உங்ககிட்ட எப்படி இருந்தார்?"

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்களுக்கு நல்ல அப்பனாத்தானுங்க இருந்தாரு. என்ர பையன் காய்ச்சல்ல மூணு நாளு கண்ணே முழிக்கலீங்க. இவருகிட்ட வந்துதான் உளுந்தன். நாலாம் நாளு எந்திரிச்சுப் பழைய சோறு கேட்டானுங்க. கெணறு வத்துனப்பவும் இவருகிட்டத்தான் சொன்னன். ஒருக்கா என்ர ஊட்டுக்காரரு லாரியிலிருந்து உளுந்து கால் போயிருச்சு. அப்பக் கோவம் வந்து, நீயெல்லாம் ஒரு அப்பனான்னு படத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பி மாட்டிட்டுப் போயிட்டனுங்க. நாலு மாசம் பேசலீங்க. அப்பறம் மனசு கேக்காம நானே பஸ் ஏறி வந்து திருப்புனன். எதுக்கும் ஒரு வார்த்தை கோவிச்சுக்கலீங்க. வருசா வருசம் கோழி அடிச்சு, வெத்தலையோட..."

"கோழியா?" என்றார் அந்த அம்மாள். "அப்பா சுத்த சைவம்மா!"

"அய்யய்யோ!" என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். அம்மா சிரித்தாள், சார் சிரித்தார், எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். பார்த்தால் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டது சந்தனம். சார் பதறிப்போனார். "மேடம், வேண்டாமுங்க மேடம், ஈரம் பட்டாப் பேப்பர் கெட்டுப்போயிருமுங்க! இதைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு..." அவர் சொல்லி முடிப்பதற்குள் அத்தை கிண்ணத்தைக் கொண்டுவந்துவிட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்து, தானே பொட்டு வைத்தார். பழக்கமில்லாத கை, பொட்டு மூக்குப் பக்கம் சரிந்துவிட்டது. அத்தை பிடித்துச் சரி செய்தாள்.

"எங்க வீட்ல அவர் படம் நிறைய இருக்கு சார்" என்றார் அந்த அம்மாள். "எல்லாத்துலயும் எழுத்தாளராத்தான் இருக்கார். இது இங்கேயே இருக்கட்டும்."

பெரியப்பா எப்போது உள்ளே வந்தாரோ தெரியாது. படத்தை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, காலையிலேயே குளித்துவிட்ட மனிதர் மறுபடியும் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்.

வந்தவர்களுக்கும் எங்களுக்குமாக இலை போட்டார்கள். அந்த அம்மாளுக்கு மட்டும் அம்மா அவசரமாக ஒரு ரசம் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் அத்தையிடம், "அடுத்த வருஷம் கும்பிடுற அன்னிக்கு நானும் வரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. பொறந்த ஊட்டுக்கு வாரதுக்கு ஆராச்சும் கேப்பாங்களா?" என்றாள் அத்தை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. புதையலைக் கண்டுபிடித்தவள் நான், என்னை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. போட்டோக்காரர் யாரும் வருகிற மாதிரியும் தெரியவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கேட்பார்களே, என்னவென்று சொல்வது? கையில் சோற்றோடு எழுந்து நின்று சத்தமாகவே கேட்டேன்.

"அப்ப அது யாரு படமுங்க? தாத்தாவா, எழுத்தாளரா?"

அத்தை அந்த அம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாள் அத்தையைப் பார்த்தார். "சோத்தைத் தின்னு சாமி, ஆறிப்போவுது" என்றாள் அத்தை. அந்த அம்மாள் தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

இரண்டில் ஒன்றைச் சொன்னால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று ஆத்திரமாக வந்தது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாத பெரியவர்கள், இரண்டு பேருக்கும் விஷயமே தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கித் தின்றேன்.